மஞ்சள் தானாகப் போகும் என்று காத்திருக்கக் கூடாத குழந்தைகள்

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தங்கையின் முதல் குழந்தைக்குப் பிறந்த மூன்றாம் நாளே மஞ்சள் தெரிந்தது. தாய்ப்பாலால் வரும் மஞ்சள், காலை வெயிலில் காட்டுங்கள், போய்விடும் என்றார்கள். போகவில்லை. மூன்றாம் மாதத்தில்தான் பித்தநாளம் அடைபட்டிருப்பது தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. தங்கை இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறார். பிறந்தவுடன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களே, அதில் இது தெரிந்திருக்காதா? அடுத்த குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும்?

குதிகால் ரத்தத்தில் தெரிந்திருக்காது. ஆனால் பிறந்த இரண்டு மூன்று நாளில், டைரக்ட் பிலிருபின் என்ற மிகச் சாதாரணமான வேறொரு ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் எழுந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. இரண்டு வாரம் கழித்து அதே பரிசோதனையைச் செய்திருந்தால் அநேகமாகத் தெரிந்தே இருக்கும். இதற்கென்று புதிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. சிறு நகரத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் செய்யக்கூடியதுதான். செய்யச் சொல்லி எழுதித்தர ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

குதிகால் பரிசோதனை வேறு வகையைச் சேர்ந்தது. வடிதாளில் சில சொட்டு ரத்தத்தை உலரவைத்து அனுப்புவார்கள். தைராய்டு குறைபாடு, சில நொதிகளின் குறைபாடு போன்றவை ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட பொருளைக் கூட்டியோ குறைத்தோ காட்டும், அதை அளக்கிறார்கள். கல்லீரலைத் தாக்கும் இரண்டு நோய்கள் இந்த வலையில் சிக்கும். ஒன்று கேலக்டோசீமியா: பால் சர்க்கரையிலிருந்து வரும் கேலக்டோஸைக் கையாளும் நொதி இல்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலே கல்லீரலைக் கெடுக்கும், பாலை நிறுத்தினால் உயிர் பிழைக்கும். மற்றொன்று, டைரோசின் என்ற புரதக் கூறைச் சிதைக்க முடியாத டைரோசினீமியா முதல் வகை: கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு பகுதியில் இது அதிகம் என்பதால் அங்கே 1970களிலிருந்தே தேடுகிறார்கள், இன்று அதற்கு நிடிசினோன் என்ற மருந்து இருக்கிறது. இரண்டுமே அரிதானவை. உங்கள் தங்கையின் குழந்தைக்கு வந்த பித்தநாள அடைப்பு, மருத்துவர்கள் பைலியரி அட்ரீசியா என்று எழுதுவது, உலகெங்கும் குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று செய்யப்படுவதற்கான முதன்மைக் காரணம். அதற்கு உலர்ந்த ரத்தச் சொட்டில் நம்பகமான அடையாளம் கிடைக்கவில்லை. பித்த அமிலங்களை அளந்து பார்த்தார்கள். நோயுற்ற குழந்தைகளின் அளவும் நலமான குழந்தைகளின் அளவும் ஒன்றோடொன்று கலந்துபோயின. இந்தியாவில் குதிகால் பரிசோதனையே எல்லாக் குழந்தைகளுக்கும் என்ற அளவுக்கு வரவில்லை என்பது தனிக் கதை.

கல்லீரலுக்கு வெளியே இருக்கும் பித்தநாளங்கள் வீங்கி, தழும்பேறி, அடைந்துபோவதுதான் இந்த நோய். அடைப்பு கல்லீரலுக்குள்ளும் பரவும். வெளியேற வழியில்லாத பித்தம் கல்லீரலிலேயே தேங்கி அதைத் தழும்பாக்குகிறது. தலையிடாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஏன் வருகிறது என்பதற்கு உறுதியான பதில் இல்லை. வைரஸ் தொற்று, கருவிலேயே ஏற்படும் கோளாறு, நோயெதிர்ப்பு மண்டலத்தின் மிகை எதிர்வினை எனப் பல கருத்துகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் வறட்சிக் காலங்களில் சினையாட்டு மந்தைகள் ஒரு வகைக் களையைத் தின்ற பிறகு, பிறந்த குட்டிகளுக்கு இதே போன்ற பித்தநாள அடைப்பு வந்தது. அந்தக் களையிலிருந்து பித்தநாளத்தை அழிக்கும் நச்சு ஒன்றையும் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னவுடன் வீட்டில் யாராவது ‘கர்ப்பத்தில் நீ என்ன தின்றாய்’ என்று உங்கள் தங்கையைக் கேட்கக்கூடும். மனிதரில் தாயின் உணவால் இது வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பப்பாளியும் இல்லை, கிரகணமும் இல்லை.

இனி, ஏன் கைதவறுகிறது என்பதைப் பார்க்கலாம். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாகின்றன. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதை ஒரு சர்க்கரை அமிலத்தோடு இணைத்து, நீரில் கரையும்படி செய்து, பித்தத்தில் கலந்து குடலுக்கு அனுப்புகிறது. பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கு இந்த இணைக்கும் வேலை முதலில் சரியாக வருவதில்லை. அதனால் இணைக்கப்படாத பிலிருபின் ரத்தத்தில் சேர்கிறது. இதுதான் எல்லாரும் அறிந்த, விளக்கில் வைத்தால் குறைகிற, பெரும்பாலும் தானாகவே போய்விடுகிற மஞ்சள். பித்தநாளம் அடைபட்ட குழந்தையில் நடப்பது வேறு. கல்லீரல் இணைத்துவிடுகிறது, வெளியே அனுப்ப வழியில்லை. இணைக்கப்பட்ட பிலிருபின் ரத்தத்துக்கே திரும்புகிறது. பரிசோதனை அறிக்கையில் ‘டைரக்ட்’ என்று அச்சாகும் எண் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது.

இரண்டு மஞ்சளும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இன்னும் மோசமானது, இரண்டும் ஒரே குழந்தையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நான்காம் நாள் மொத்தப் பிலிருபின் டெசிலிட்டருக்கு 14 மில்லிகிராம் இருந்த குழந்தைக்குப் பதினான்காம் நாள் 8 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடே மகிழ்கிறது, மருத்துவரும் ‘குறைகிறது, நல்லது’ என்கிறார். அந்த 8-இல் டைரக்ட் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. வழக்கமான மஞ்சள் வடிந்துகொண்டிருக்க, அதன் அடியில் மற்றது ஏறிக்கொண்டிருக்கும். மொத்த எண் இறங்குவதே இங்கே ஏமாற்று வேலை செய்கிறது. பித்தநாள அடைப்பில் மொத்தம் பெரும்பாலும் பயமுறுத்தும் அளவுக்குப் போவதில்லை. பல வாரங்கள் 6-க்கும் 12-க்கும் இடையில் நின்றுகொண்டிருக்கும். தோலின்மேல் வைத்து மஞ்சளை அளக்கும் கருவியை இப்போது பல மருத்துவமனைகளில் வைத்திருக்கிறார்கள். குத்தாமல் அளப்பது நல்லதுதான். ஆனால் அது மொத்தத்தை மட்டுமே சொல்லும். டைரக்ட்டைப் பிரித்துச் சொல்லாது.

இந்தக் குழந்தைகள் நோயாளி போலவும் இருப்பதில்லை. பெரும்பாலும் நிறைமாதத்தில், நல்ல எடையில் பிறக்கின்றன. பால் குடிக்கின்றன, சிரிக்கின்றன, முதல் மாதத்தில் எடையும் ஏறுகின்றன. ‘கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்கு என்ன நோய்’ என்ற பேச்சு எழுவது இயல்பு. நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிறந்தது ஓர் ஊர் மருத்துவமனை. பிறகு பார்ப்பது வேறொருவர். மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குப் போனால் இன்னொருவர். முதல் வார மஞ்சளைப் பார்த்தவர் ஐந்தாம் வார மஞ்சளைப் பார்ப்பதே இல்லை. நடுவில் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குத்தான் குழந்தை வெளியே வருகிறது. அதுவரை அரையிருட்டு அறை, கீழாநெல்லிச் சாறு, மந்திரிப்பு, சில இடங்களில் சூடு வைப்பதும்கூட. கீழாநெல்லியைப் பற்றி வாதாட நான் வரவில்லை. தழும்பேறி மூடிய குழாயை எந்தச் சாறும் திறக்காது. அது தின்பது நாள்களை.

நாள்கள் ஏன் இவ்வளவு முக்கியம்? ஜப்பானின் செண்டாய் நகரில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1955-இல் ஒரு சிகிச்சையைச் செய்தார். அதுவரை இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகளைச் ‘சரிசெய்ய முடியாதவை’ என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். அவர், தழும்பான நாளங்களை வெட்டி நீக்கிவிட்டு, கல்லீரலின் வாசலில் சிறுகுடலின் ஒரு பகுதியைக் கொண்டுவந்து தைத்தார். வாசலில் மிச்சமிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் வழியே பித்தம் குடலுக்குள் கசிந்தது. 1959-இல் ஜப்பானிய மொழியில் எழுதினார். ஆங்கிலத்தில் 1968-இல் வந்தது. மேலைநாட்டு மருத்துவர்கள் நம்பச் சில காலம் ஆயிற்று. இன்றும் அதே சிகிச்சைதான், அவர் பெயரிலேயே நடக்கிறது. அந்த நுண்குழாய்கள் மிச்சமிருந்தால்தான் அது பலிக்கும். வாரம் செல்லச் செல்ல அவையும் மறைகின்றன. 60 நாளுக்கு முன் செய்ய வேண்டும் என்பது பாடநூல் வரி. 61-ஆம் நாள் கதவு சாத்தப்படும் என்று பொருளில்லை. 30 நாளில் செய்வது 50 நாளில் செய்வதைவிட மேல், 50 நாள் 90 நாளைவிட மேல். உங்கள் தங்கையின் குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் செய்தார்கள் என்றால் அதை வீண் என்று நினைக்க வேண்டாம். தாமதமாகச் செய்த சிலருக்கும் பித்தம் நன்றாகவே ஓடுகிறது. நம் நாட்டு மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளைப் பார்த்தால், அறுவை சிகிச்சையின் சராசரி வயது பெரும்பாலும் அந்த 60 நாளைத் தாண்டியே இருக்கிறது.

கசாய் சிகிச்சை பலிக்காவிட்டாலும், பலித்துப் பல ஆண்டுகள் கழிந்து கல்லீரல் தளர்ந்தாலும், மாற்றுக் கல்லீரல்தான் வழி. மனிதரில் முதல் கல்லீரல் மாற்று 1963-இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் முயன்றது. அந்த மூன்று வயதுக் குழந்தைக்கு இருந்ததும் இதே நோய். குழந்தை பிழைக்கவில்லை. இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று 1998-இல், டெல்லியில். தந்தை கொடுத்த கல்லீரல் துண்டைப் பெற்ற 20 மாதக் குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. நோய் அப்போதும் பைலியரி அட்ரீசியாவே. அந்தக் குழந்தை பின்னாளில் மருத்துவரானார் என்பதை உங்கள் தங்கைக்குச் சொல்லுங்கள்.

இப்போது முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழிகளுக்கு வருகிறேன். உலகில் இரண்டு பாதைகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன.

ஒன்று, மலத்தின் நிறத்தைப் பார்ப்பது. பித்தம் குடலுக்கு வந்தால்தான் மலத்துக்கு மஞ்சளும் பழுப்பும் பச்சையும். வராவிட்டால் மலம் வெளிறி, சுண்ணாம்பு அல்லது சாம்பல் கலந்த வெள்ளையாகும். அல்லது ஒரு சோகையான இளமஞ்சளாக நிற்கும். இந்த இளமஞ்சள்தான் ஆபத்தானது, ஏனென்றால் ‘மஞ்சளாகத்தானே போகிறது’ என்று விட்டுவிடுவார்கள். ஜப்பானில் அகிரா மட்சுயி என்ற மருத்துவர் 1994-இல் தோச்சிகி மாவட்டத்தில் ஒரு நிற அட்டையைத் தாய்மாரிடம் கொடுக்கத் தொடங்கினார். குழந்தையின் மலம் எந்த நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, ஒரு மாதப் பரிசோதனையின்போது அட்டையைக் கொடுத்துவிட வேண்டும். மூன்று லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இப்படிப் பார்க்கப்பட்டார்கள். அவர்களில் 34 பேருக்கு நோய் இருந்தது. அட்டை அவர்களில் நான்கில் மூன்று பங்கினரைப் பிடித்தது. நோயில்லாத குழந்தையைத் தவறாகக் காட்டியது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. 2012 முதல் ஏழு நிறங்கள் கொண்ட அட்டை அந்த நாட்டின் தாய்சேய் நலக் கையேட்டிலேயே சேர்ந்துவிட்டது.

தைவான் இன்னும் வேகமாகச் சென்றது. அங்கே இந்த நோய் அதிகம். பத்தாயிரம் பிறப்புக்கு 1.7 முதல் 1.85. ஐரோப்பாவில் ஏறத்தாழ 18,000 பிறப்புக்கு ஒன்று. 2002-இல் சில இடங்களில் தொடங்கி 2004-இல் நாடு முழுவதற்கும் விரித்தார்கள். குழந்தை நலக் கையேட்டில் அட்டை. நிறம் சரியில்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் ஒரு பதிவு மையத்துக்குத் தகவல். முதல் ஆண்டில் 60 நாளுக்குள் பிடிபட்டவர்கள் 72.5 விழுக்காடு, அடுத்த ஆண்டு 97.1. மஞ்சள் இல்லாமல் சொந்தக் கல்லீரலோடு ஐந்து வயதை எட்டியவர்கள் அட்டைக்கு முன் 27.3 விழுக்காடு, அட்டைக்குப் பின் 64.3. உயிரோடிருந்தவர்கள் 55.7-இலிருந்து 89.3. இந்த ஏற்றம் முழுவதையும் அட்டைக்கே எழுதிவிடக் கூடாது. ஒப்பிடப்பட்ட பழைய காலத்தில் அறுவை சிகிச்சையும் கல்லீரல் மாற்றும் இந்த அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும், ஓர் அச்சிட்ட தாளால் கிடைத்த ஆதாயம் கொஞ்சமல்ல.

அட்டையின் குறையையும் சொல்ல வேண்டும். சில குழந்தைகளுக்கு முதல் வாரங்களில் மலம் நிறத்தோடு இருந்து பிறகுதான் வெளிறும். ஒரு நாள் வெளிறியும் மறுநாள் சற்று மஞ்சளாகவும் போவது உண்டு. ஒரு முறை பார்த்துவிட்டு ‘சரி’ என்று மூடிவைத்தால் அட்டையால் பயனில்லை. கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் அறை விளக்கின் மஞ்சள் ஒளி மலத்தின் நிறத்தையே மாற்றிக் காட்டிவிடும். பகல் வெளிச்சத்தில், நேரில் பார்க்க வேண்டும்.

மற்றொரு பாதை அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தது. சஞ்சீவ் ஹர்பாவத் என்ற குழந்தைக் கல்லீரல் மருத்துவரும் உடனிருந்தவர்களும், பித்தநாள அடைப்பு என்று பின்னால் தெரியவந்த குழந்தைகளின் பழைய அறிக்கைகளைத் தோண்டினார்கள். பிறந்த ஓரிரு நாளில் எடுத்த ரத்தத்திலேயே அவர்கள் எல்லாருக்கும் டைரக்ட் பிலிருபின் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. காரணம் ஒரு பழைய விதி: டைரக்ட், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும் என்பது. முதல் வாரத்தில் மொத்தமே பெரிதாக இருப்பதால் பங்கு சிறிதாகத் தெரியும். மொத்தம் 10, டைரக்ட் 1.5 என்றால் பங்கு 15 விழுக்காடு. பழைய விதிப்படி நலம். உண்மையில் அது நலமல்ல. இப்போது பங்கைப் பார்க்க வேண்டாம், டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே விசாரிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பழைய விதியை இன்னும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் கணக்கு உங்களிடம் சொல்லப்பட்டால் மரியாதையோடு மறுத்துக் கேளுங்கள்.

அவர்கள் பின்னர் 14 மருத்துவமனைகளில் 1,24,385 குழந்தைகளை இரண்டு கட்டமாகப் பார்த்தார்கள். பிறந்த 60 மணி நேரத்துக்குள் ஒரு முறை. அதில் அதிகமாக இருந்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் மறுமுறை. இரண்டாம் முறையும் அதிகமாக இருந்தவர்கள் 119 பேர். அவர்களில் ஏழு பேருக்கு நோய். ஒருவரையும் தவறவிடவில்லை. அறுவை சிகிச்சை நடந்த சராசரி வயது 56 நாளிலிருந்து 36 நாளாக இறங்கியது. இந்த முடிவு 2020-இல் வெளியானது. மீதி 112 குடும்பங்கள் சில நாள் பயத்தோடு இருந்திருப்பார்கள் என்பது உண்மை. ஒன்றேகால் லட்சத்தில் 112 குடும்பங்களின் சில நாள் பயத்தையும், ஏழு குழந்தைகளின் இருபது நாளையும் எதிரெதிரே வைத்தால் நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு எது பொருந்தும்? இங்கே ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஐரோப்பிய விகிதமே என்று வைத்தாலும் ஏறத்தாழ 50 குழந்தைகள். தைவான் விகிதம் என்றால் 150 அளவில் இருக்கும். எல்லாக் குழந்தைக்கும் இரண்டு முறை ரத்தம் எடுப்பது பெரிய ஏற்பாடு. பரிசோதனைக் கூடங்களின் அளவீடுகளும் சீராக வேண்டும். முதல் நாள்களில் தேடுவது மிகச் சிறிய வித்தியாசம். ஒரு கூடத்தின் 0.4 மற்றொன்றின் 0.7 ஆக இருந்தால் குழப்பம்தான். அட்டையை நாளைக்கே தொடங்கலாம். தாய்சேய் நலக் கையேடு ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் இருக்கிறது. வீட்டுக்கே வந்து பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் தேசியத் திட்டத்தின் அட்டவணையில் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்கள் ஏற்கெனவே உள்ளன. பதினான்காம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் இந்த நோய்க்கென்றே குறித்தது போல இருக்கின்றன. அந்த வருகையில் எடையோடு சேர்த்து மலத்தின் நிறத்தையும் கேட்டு எழுத ஒரு கட்டம் வேண்டும். அந்தக் கட்டத்தில் தவறான நிறம் எழுதப்பட்டால் குழந்தை எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது வெறும் காகிதம். அட்டையை மட்டும் நம்பாமல், 14 நாள் கழித்தும் கண்ணில் மஞ்சள் இருக்கும் குழந்தைக்கு டைரக்ட் பிலிருபின் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று ஒரு விதியும் சேர்ந்தால் போதும், பெரும்பகுதி பிடிபட்டுவிடும். பிரிட்டனின் வழிகாட்டுதல் நிறைமாதக் குழந்தைக்கு அந்த 14 நாளையே எல்லையாக வைத்திருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு மூன்று, நான்கு வாரம் வரை இடம் கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகை, அடுத்த வாரமே குழந்தையை மறுபடி பார்க்க முடிகிற நாட்டுக்குச் சரி. நமக்கு 14 நாளே நல்லது.

இனி உங்கள் தங்கைக்கு. முதல் குழந்தையின் மருத்துவமனைக் குறிப்பை எடுத்து, நோயின் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பைலியரி அட்ரீசியா என்றால், அடுத்த குழந்தைக்கும் அதே நோய் வருவது மிக மிக அரிது. இது பரம்பரை நோய் அல்ல. ஆனால் பச்சிளங்குழந்தையின் பித்தத்தேக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் சில மரபணு வழியே வருபவை. கல்லீரலுக்குள் பித்தநாளங்கள் குறைவாக இருக்கும் அலாஜில் நோய் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் அடுத்த குழந்தைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. குடும்ப வழிப் பித்தத்தேக்கத்தில் நான்கில் ஒன்று. பெயர் தெளிவாக இல்லை என்றால் பிரசவத்துக்கு முன்பே மரபணு ஆலோசனைக்குப் போங்கள்.

குழந்தை பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்று கேளுங்கள். பித்தம் குடலுக்கு வராத குழந்தைக்கு இந்த வைட்டமின் உடம்பில் சேராது, ரத்தம் உறையாது. பித்தநாள அடைப்பு முதன்முதலில் மூளைக்குள் ரத்தக் கசிவாகவே வெளிப்பட்ட குழந்தைகள் உண்டு. தொப்புள், மூக்கு, ஊசி போட்ட இடம் என்று எங்கிருந்தாவது ரத்தம் நிற்காமல் கசிந்தால் அது அவசரம்.

முதல் வாரத்தில் மஞ்சளுக்கு ரத்தம் எடுத்தால் ‘டோட்டல் மட்டும் வேண்டாம், டைரக்ட்டும் போடுங்கள்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான கூடங்களில் இரண்டும் ஒரே கட்டணத்தில், ஒரே தாளில் வரும். பதினான்காம் நாள், மஞ்சள் இருந்தால் மறுபடியும். மாநிறக் குழந்தைகளில் தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் மலத்தின் நிறத்தைப் பார்க்கலாம். பெரிய வேலை இல்லை. சிறுநீரையும் பாருங்கள். பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் சிறுநீருக்கு ஏறக்குறைய நிறமே இருக்காது. துவைத்தும் போகாத மஞ்சள் கறை துணியில் படிந்தால் அது சாதாரணமல்ல. இந்த விஷயத்தில் பருத்தித் துணி, விலை உயர்ந்த நாப்கினைவிட நல்ல சாட்சி.

டைரக்ட் 1-ஐத் தாண்டியிருந்தால் ‘ஒரு வாரம் பார்க்கலாம்’ என்பதை ஏற்காதீர்கள். குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவரோ குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவோ உள்ள இடத்துக்கு அதே வாரம் போக வேண்டும். சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அரசுத் துறையில் அப்படிப்பட்ட ஓர் இடம். அங்கே கிருமித் தொற்று, தைராய்டு, கேலக்டோசீமியா போன்றவற்றுக்கு ரத்தம் பார்ப்பார்கள். நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்து ஸ்கேன் எடுத்துப் பித்தப்பை இருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கல்லீரலில் ஊசியால் துளி சதை எடுப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் அறுவை அரங்கில் பித்தநாளத்துக்குள் சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். இறுதித் தீர்ப்பு அதுதான். இவை எல்லாம் ஒரு வாரத்துக்குள் முடியக் கூடியவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாள் கொடுத்து மூன்று வாரம் இழுத்தால், விரைவுபடுத்தச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. டைரக்ட் அதிகமாக உள்ள குழந்தையை மஞ்சளுக்கென்று விளக்கின் கீழ் வைப்பதில் பயனில்லை. சில குழந்தைகளின் தோல் வெண்கல நிறமாக மாறும்.

முதல் குழந்தையையும் மறந்துவிட வேண்டாம். கசாய் சிகிச்சை செய்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது சளிக்காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. குடலும் கல்லீரலும் நேரே இணைந்திருப்பதால் கிருமிகள் பித்தப் பாதைக்குள் ஏறிவிடும். மஞ்சள் திரும்பினாலும், மலம் மறுபடி வெளிறினாலும் அன்றே மருத்துவமனை. நரம்பு வழியே நோய்க்கொல்லி மருந்து தேவைப்படும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் தொடர வேண்டும். ஆறு மாதமாக யாரும் பரிசோதிக்கவில்லை என்றால், இந்த மாதம் அழைத்துப் போங்கள்.